எந்தக் கம்பெனி?

எங்கள் பக்கம் யாரும் "என்ன வேலை பாக்கற?" என்று கேட்க மாட்டார்கள். "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் கேட்பார். வாடகைக்கு ரூம் பார்க்கப் போனால் வீட்டுக்கார அம்மா கேட்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார். ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரிந்த பெயராக இருந்தால் அடுத்த கேள்வி உடனே வரும்.

"ரோலா, காண்ட்ராக்ட்டா?"

கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா, இல்லை வேறு யாரோ உன்னை அங்கே அனுப்பியிருக்கிறார்களா என்பது அதன் அர்த்தம். அந்த இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வருடங்கள் எனக்கு உண்டு. அந்த வருடங்களில்தான் 'கம்பெனி' என்ற சொல்லை நான் ஒழுங்காகக் கவனித்தேன். தினமும் நூறு தடவை வாயில் வரும் சொல்லைக் கவனிக்க நமக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்த காரணம் நல்ல காரணம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பள்ளிக்கூடம் தமிழ். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். கிருஷ்ணகிரி மண்டித் தெருவுக்குப் போனால் உருது காதில் விழும். 'ஓசூர்' என்ற பெயரே கன்னடம்தான், ஹொச ஊரு, புது ஊர். இப்போது சிப்காட் பக்கம் ஹிந்தியும் ஒடியாவும் தமிழுக்குச் சமமாகக் கேட்கின்றன. இத்தனை மொழிக்காரர்களும் கூடி நிற்கும் டீக்கடையில் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பு இல்லாமல் புரியும் சொற்கள் சில உண்டு. டீ, ஷிப்ட், ஓடி, கம்பெனி. எங்கள் அவ்வா மட்டும் 'கம்பினி' என்பார். "வாடு கம்பினிக்கி போயினாடு." அவர் சொன்னதில் இருநூறு வருடப் பழைய உச்சரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

*

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். முடித்துவிட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். அப்புறம் மாமா ஒருவரிடம் சொல்லி, வண்டிகளுக்குத் தகடு பாகங்கள் அடித்துத் தரும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்த்துவிட்டார். பெயர் வேண்டாம். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்யும் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் கம்பெனி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போதும்.

"இங்கிலீஷ் படிச்ச பையன்" என்பதால் மிஷினில் போடவில்லை. பிரஸ் ஷாப்பை ஒட்டி ஒரு மேஜை. இந்த ஷிப்ட்டில் எத்தனை பீஸ் அடித்தார்கள், எத்தனை ரிஜெக்ட், ஏன் ரிஜெக்ட் என்று எழுதி, ஷிப்ட் முடிவில் மெயில் அனுப்ப வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பவர் பிரஸ்கள் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிடும். நின்றால்தான் திடுக்கென்று இருக்கும்.

அங்கே நிரந்தர ஆட்களின் சட்டைப் பையில் கம்பெனியின் பெயர் நூலால் தைத்திருக்கும். ட்ரெய்னிகளின் சட்டையில் அது இருக்காது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சட்டையின் நிறமே வேறு. சாப்பாட்டு நேரமும் வேறு. முதலில் நிரந்தர ஆட்கள், அரை மணி கழித்து நாங்கள். சாம்பார் அதே சாம்பார்தான், அதில் குறை சொல்ல முடியாது. நாங்கள் போகும்போது பொரியல் தீர்ந்திருக்கும்.

பேச்சிலும் இந்த வித்தியாசம் இருந்தது. நிரந்தர அண்ணன்கள் "எங்க கம்பெனி" என்பார்கள். திட்டும்போதுகூட "எங்க கம்பெனி மாதிரி கேவலமான கம்பெனி பாத்ததில்ல" என்று உரிமையோடு திட்டுவார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் "இந்தக் கம்பெனி" என்பார்கள். எங்களை மாதிரி ட்ரெய்னிகள் நடுவில் நின்று, ஊரில் பேசும்போது "எங்க" என்றும் உள்ளே பேசும்போது "இந்த" என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

*

நைட் ஷிப்ட்டில் இரண்டு மணிக்கு மேல் எழுத வேலை குறையும். தூக்கம் வராமல் இருக்க போனில் அகராதி பார்ப்பேன். கல்லூரியில் பிடித்த பழக்கம் அது. ஒருநாள் 'கம்பெனி' என்று போட்டுப் பார்த்தேன்.

லத்தீனில் 'கொம்' என்றால் 'கூட'. 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன்தான் முதலில் 'கம்பேனியன்'. அப்படிப்பட்டவர்களின் கூட்டம் 'கம்பெனி'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழேயே 'காம்ரேட்' பற்றியும் இருந்தது. அது 'கமரா' என்ற அறையிலிருந்து வருகிறது. ஒரே அறையில் படுக்கிறவன் காம்ரேட், ஒரே ரொட்டியைத் தின்கிறவன் கம்பேனியன். ஜூஜுவாடியில் ஒரே ரூமில் எட்டுப் பேர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுத்து, ஒரே குக்கரில் சோறு வைத்துத் தின்கிறார்களே, அவர்கள் இந்த இரண்டு சொல்லுக்கும் முழுத் தகுதி உள்ளவர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நம்மிடமும் இப்படிச் சொற்கள் உண்டு. 'கூட்டாளி' இருக்கிறது. 'பங்காளி' இருக்கிறது. பங்கு என்பது நிலத்திலும் சாப்பாட்டிலும் சொந்தத்திலும் வரும் சொல், இப்போது ஷேர் மார்க்கெட்டிலும் வருகிறது. பிளஸ் டூ வணிகவியல் புத்தகம் கம்பெனியை 'கூட்டுப் பங்கு நிறுமம்' என்கிறது. நிறுமம் என்ற சொல்லை நான் பரீட்சைக்கு வெளியே யார் வாயிலும் கேட்டதில்லை. ஆனால் கூட்டும் பங்கும் அதில் இருக்கின்றன. கூட்டு, பங்கு இரண்டும் சாப்பாட்டுப் பந்திக்கு ஒத்துவரும் சொற்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

தமிழில் 'கம்பெனி'யின் பழைய அர்த்தம் ஒரே ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. "சும்மா கம்பெனிக்கு வாடா" என்கிறோமே, அங்கே. "எனக்குப் பசிக்கல, உனக்குக் கம்பெனி குடுக்கறேன்" என்று ஒருவன் எதிரில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்க்கிறானே, அவன் அந்தச் சொல்லை அதன் ஆதி அர்த்தத்தில் சுத்தமாகப் பயன்படுத்துகிறான். மற்றபடி "இது கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகாது" என்று நாம் கிண்டல் அடிக்கும்போது வருவது வேறு கம்பெனி.

*

அந்த வேறு கம்பெனி எங்கள் ஊருக்கு வந்த வருடம் 1792. அதைத் தேடிப் படித்தபோதுதான் அவ்வாவின் 'கம்பினி' புரிந்தது.

1600 டிசம்பர் 31 அன்று லண்டன் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ராணியிடம் பட்டயம் வாங்கி ஆரம்பித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்குள் அந்தச் சொல், கூடிச் சாப்பிடுகிறவர்களிலிருந்து கூடிச் சண்டை போடுகிறவர்களுக்கும் கூடி வியாபாரம் செய்கிறவர்களுக்கும் போய்விட்டது. படையில் ஒரு பிரிவுக்கும் கம்பெனி என்றுதான் பெயர். அதன் தலைவன் கேப்டன். நம் ஊருக்கு வந்தது இரண்டும் கலந்த கம்பெனி. வியாபாரமும் அதன் கையில், படையும் அதன் கையில்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791ல் கம்பெனிப் படை ஏறிப் பிடிக்கப் பார்த்தது. முடியாமல் திரும்பியது. போரில் கிடைக்காத கோட்டை அடுத்த வருடம் காகிதத்தில் கிடைத்தது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் ஒன்று. ஓசூர் இருக்கும் மேட்டுப் பகுதி திப்பு இறந்த 1799க்குப் பிறகு போனது. ஆக, இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் இந்த இரண்டு ஊர்களும் ஏழு வருட இடைவெளியில் கம்பெனியிடம் சேர்ந்தன.

ஜனங்கள் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். தமிழில் கும்பினி, கும்பெனி. கன்னடத்தில் கும்பணி. தெலுங்கில் கும்பிணி. கட்டபொம்மன் கதையைப் பாடியவர்களுக்கு எதிரியின் பெயர் கும்பினிதான். பழைய தமிழ் எழுத்துகளில் 'கும்பினியார்' என்று மரியாதை விகுதியோடும் வரும். வடக்கே 'கம்பெனி பகதூர்' என்றார்கள். கண்ணால் பார்க்க முடியாத, லண்டனில் பங்குதாரர்கள் கூடிப் பேசி நடத்துகிற ஒன்றை ஒரு ஆளாக, ஒரு பெரிய மனிதராக நினைத்தால்தான் நம்மவர்களால் அதோடு பேச முடிந்திருக்கிறது. இன்றைக்கும் "கம்பெனி ஒத்துக்கல", "கம்பெனி சொல்லுச்சு" என்கிறோம். அது எங்கே உட்கார்ந்து சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

பாராமகாலை நிர்வாகம் செய்யக் கம்பெனி அனுப்பியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னர், தீவுத்திடல் பக்கம் குதிரையில் சிலையாக இருப்பவர். இவர்கள் இங்கே நிலங்களை அளந்தார்கள். யார் எந்த நிலத்தை உழுகிறாரோ அவர் பெயரில் வரி எழுதினார்கள். நடுவில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ இல்லாமல் உழுகிறவரோடு கம்பெனி நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த முறைதான் ரயத்வாரி. பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய அந்த முறைக்கு எங்கள் மண்தான் தொடக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரைக் கைப்பற்ற வந்த கம்பெனி, வரி வசூலிக்க வேண்டும் என்பதற்காகவாவது ஒவ்வொரு ஆளின் பெயரையும் தன் புத்தகத்தில் எழுதியது. எங்கள் பிரஸ் ஷாப்பில் அந்த ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கும் மேல் பேரின் பெயர் கம்பெனியின் புத்தகத்தில் இல்லை. கும்பினி நல்ல கும்பினி என்று சொல்ல வரவில்லை. வாங்குவதற்கு எங்கள் பெயர் தேவைப்பட்டது, கொடுக்க வேண்டிய இடத்தில் தேவைப்படவில்லை.

1858ல் ராணியின் அரசு ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1874ல் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைக்கப்பட்டது. அதற்குள் இங்கிலாந்தில் இன்னொரு வேலை நடந்திருந்தது. கம்பெனி கடனில் மூழ்கினாலும் பங்கு போட்டவர்கள் தங்கள் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று 1855ல் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட கம்பெனி தன் பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைப் போட்டு ஊருக்கு அறிவிக்க வேண்டும். லிமிடெட். சிப்காட் கேட்டுகளில் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்தான். சின்ன வயதில் அதை ஏதோ பட்டம் மாதிரி நினைத்திருந்தேன். பொறுப்புக்கு ஒரு எல்லை உண்டு என்ற எச்சரிக்கை அது.

*

நடுவில் தமிழில் கம்பெனிக்கு ரொட்டி வாசனை கொஞ்ச காலம் திரும்பி வந்தது என்றும் சொல்ல வேண்டும். அது நாடகக் கம்பெனிகளில். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நம் தாத்தாக்கள் "கம்பெனில சேந்துட்டான்" என்றால் நாடகத்தில் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். பையன்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் கலை ஆர்வத்தால் போனவர்கள் இல்லை. வீட்டில் சோறு இல்லை, கம்பெனியில் சோறு போடுவார்கள். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் அப்படி வறுமையால் நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள்தான். அங்கே அடியும் உண்டு, கொடுமையும் உண்டு. ஆனால் ராஜாவாக நடித்தவனும் சேவகனாக நடித்தவனும் வேஷம் கலைத்தபின் கம்பெனி வீட்டில் சாப்பிட்டுப் படுத்தார்கள். பிறகு சினிமாக் கம்பெனி வந்தது. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' படித்தவர்களுக்கு அந்தக் கம்பெனி எப்படி நொடிக்கும், நொடிக்கும்போது யார் யார் தெருவில் நிற்பார்கள் என்று தெரியும்.

ஆங்கில இலக்கியத்தில் இந்தச் சொல் எனக்கு அழுத்தமாகப் பட்டது ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில். 1899ல் வந்தது. கல்லூரியில் பாடமாகப் படித்து, ஏகாதிபத்தியம், நிறவெறி என்று பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். பிரஸ் ஷாப் மேஜையில் உட்கார்ந்து திரும்பப் படித்தபோது வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, அந்தக் கம்பெனிக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் வெறுமனே 'கம்பெனி' என்கிறார்கள், எங்களை மாதிரியே. இரண்டாவது, மார்லோ கரையில் இறங்கியதும் ஒரு மரநிழலில் செத்துக்கொண்டிருக்கும் கறுப்பினத் தொழிலாளர்களைப் பார்க்கிறான். அவர்கள் கடற்கரை நெடுகிலுமிருந்து சட்டப்படியான காலக்கெடு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என்று கான்ராட் போகிற போக்கில் சொல்கிறார். கல்லூரியில் அந்த வாக்கியத்தில் நான் நின்றதே இல்லை. மார்லோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் இருந்த கப்பல் பிஸ்கட் ஒன்றை எடுத்து ஒருவன் கையில் கொடுக்கிறான். அவ்வளவுதான். அவனால் முடிந்தது ஒரு துண்டு ரொட்டி.

1980ல் சாமுவேல் பெக்கெட் 'கம்பெனி' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். இருட்டில் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவனுக்கு ஒரு குரல் கேட்கிறது. அது அவனுடைய பழைய நாட்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. துணைக்கு ஒரு குரல், அதையும் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டிய தனிமை. புத்தகத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் படுக்கும்போது கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கும்.

*

அதே 1980ல்தான் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. டிவிஎஸ் 50 மொபெட்டும் அதே வருடம் ஓசூரிலிருந்து வெளிவந்தது. கொஞ்ச வருடத்தில் டைட்டன் வந்தது. தமிழ்நாடு அரசு 1971ல் சிப்காட்டைத் தொடங்கி, பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரில் இருந்த இந்த மேட்டு நிலத்தில் தொழிற்பேட்டை போட்டதன் விளைச்சல் இதெல்லாம். என்னைச் சேர்த்துவிட்ட மாமா அந்தத் தலைமுறை. ஐடிஐ முடித்த கையோடு ஒரு கம்பெனியில் நிரந்தரமானவர். அவர் முதல் சம்பளத்தைவிடக் கேன்டீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். களியும் சாறும் தின்று வளர்ந்தவருக்கு தினமும் நெல்லுச் சோறு, வாரத்தில் ஒருநாள் முட்டை. "மேனேஜரும் அதே ஹால்ல தான்டா தின்னுவாரு" என்பார். அது எவ்வளவு உண்மையோ, அவர் அதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருந்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு லத்தீன் ஞாபகம் வந்திருக்காது. கூடி வேலை செய்கிறவர்கள் கூடிச் சாப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மாமாவுக்குத் தன் கம்பெனியைப் பற்றிப் பேச 'எங்க' என்ற சொல் போதுமாக இருந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் சொல்ல நிறைய வேண்டியிருந்தது.

*

இனி அந்தக் காரணம்.

பிரஸ் ஷாப்பில் ஒடிசாப் பையன் ஒருவன் இருந்தான். இருபது வயது இருக்கும். காண்ட்ராக்ட்டில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நைட் ஷிப்ட்டில் கேன்டீன் கிடையாது, டீ மட்டும் வரும். ஒரு மணி பிரேக்கில் அவன் என் மேஜைக்கு வருவான். பொரியில் வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் போட்டுப் பிசைந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்திருப்பான். கடுகெண்ணெய் வாசனை முதலில் எனக்குக் குமட்டியது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதத்தில் பாதி அவனுக்கு. அவனுக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த ஹிந்தியும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் வராது. "நல்லா?" என்பான். "அச்சா" என்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டோம். மூன்று மணி வாக்கில் பிரஸ் ஒன்று நின்றது. சத்தம் நின்றதும் எழுந்துவிட்டேன். இடது கையில் இரண்டு விரல்கள் நுனியில் போயிருந்தன. அந்த மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் எண்ணிக்கை ஏறும். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், எண்ணிக்கை எழுதுகிறவனே நான்தான்.

பக்கத்து மிஷினில் இருந்த நிரந்தர அண்ணன் ஒருவர் தன் துண்டால் அவன் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆம்னி வேனில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவு செய்கிற அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"எந்தக் கம்பெனி?"

அண்ணன் கம்பெனி பெயரைச் சொன்னார். அந்த அம்மா எழுதினார். அதற்குள் பைக்கில் வந்து சேர்ந்த காண்ட்ராக்டர் ஆள், "அது இல்ல மேடம், எங்க பேர்ல போடுங்க" என்று ஒரு மேன்பவர் ஏஜென்சி பெயரைச் சொன்னார். அடித்துவிட்டு எழுதினார். "ஈஎஸ்ஐ நம்பர்?" இன்னும் வரவில்லை. அந்த ஆள் யாருக்கோ போன் போட்டார். மறுபடி ஏதோ திருத்தம். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பையன் யாரோட ஆளுன்னு முதல்ல நீங்க பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

அண்ணன் கையை விடாமலே சொன்னார். "எங்க கம்பெனிப் பையன் மேடம். எழுதுங்க."

காலையில் நான் கம்பெனிக்குத் திரும்பியபோது ஆபீஸில் கூப்பிட்டார்கள். "தம்பி, நீ இங்கிலீஷ் நல்லா எழுதுவ. கஸ்டமருக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பணும். நாலு வரி போதும்." அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். டேப் ஒட்டிய பட்டன் அந்த நாலு வரியில் இல்லை. கடைசி வரியை அவர் ஆங்கிலத்திலேயே சொன்னார். அந்த ஆள் கம்பெனியின் ஊழியர் அல்ல என்பது பொருள். அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்தது. நான் திருத்தினேன். "ஹி வாஸ் நாட் அன் எம்ப்ளாயி ஆஃப் த கம்பெனி." படித்துப் பார்த்து, "கரெக்டா இருக்கு சார்" என்று சொன்னேன்.

சொல்லின் வேர் எனக்கு அன்றைக்கே தெரியும். சட்டைக் கையில் கடுகெண்ணெய் வாசனை போயிருக்கவில்லை.

பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1948ஆம் வருட ஈஎஸ்ஐ சட்டம் இந்த நாடகத்தை அப்போதே யோசித்து வைத்திருந்தது. காண்ட்ராக்டர் அதில் 'உடனடி' முதலாளி, கம்பெனி 'முதன்மை' முதலாளி. நடுவில் காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆளுக்கும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியிருந்தது முதன்மை முதலாளிதான். 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கம்பெனி தர வேண்டும் என்றது. ஆக, நான் எழுதிய வரி சட்டத்தின் முன்னால் பெரிய காரியம் எதையும் சாதித்திருக்காது. இதை எனக்கு நானே பலமுறை சமாதானமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனுக்குச் சட்டமும் தெரியாது, லத்தீனும் தெரியாது. அவருக்கு எந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை.

அண்ணன் நிரந்தர ஆட்களிடம் வசூல் செய்து ஒரு தொகை கொடுத்தார். காண்ட்ராக்டரும் கொஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். காயம் ஆறியதும் பையன் ஊருக்குப் போய்விட்டான். நாலு மாதம் கழித்து நானும் விட்டுவிட்டேன். இப்போது தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறேன். யாராவது எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஒரு பெயர் சொல்கிறேன். ரோலில்தான் இருக்கிறேன்.

பையன் இப்போது சூரத்தில் தறியில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்வான். அவன் ஹிந்தியும் என் ஹிந்தியும் கொஞ்சம் தேறியிருக்கின்றன. எடுத்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "கானா காயா பையா?" சாப்பிட்டாயா என்று. நான் சாப்பிட்டேன் என்று சொல்லி, நீ சாப்பிட்டாயா என்று கேட்பேன். அந்த நாலு வரியைப் பற்றி அவனிடம் இதுவரை சொன்னதில்லை. இதைத் தமிழில் எழுதுவதால் அவனால் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.